ஓட ஓட வெளிச்சம் கூடும்

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி எனக்குத் தர வேண்டியிருந்தது இரண்டு ரூபாய் ஆறணா. ஒரு பல்பின் விலை. பெரிய தொகை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். ஆவணி அமாவாசைக்கு மறுநாள் காலையில் உப்பளத்து ஓடைக்கரையில் அந்த ஸ்கூட்டருக்குக் காவல் இருந்த நொண்டி நான்தான். பெயர் ஜேசுபாதம். கப்பல் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் வாட்ச்மேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் தோணியில் மூட்டை ஏற்றி இறக்கினேன். கப்பல் ஆறு மைல் தள்ளி நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் கரைக்கு வரும். யுத்தம் தொடங்கின வருஷம் ஒரு வாடைக்காற்றில் தோணிக்கும் கடல்பாலத்துக்கும் நடுவே என் வலது முட்டி அகப்பட்டது. பிறகு கம்பெனி லாரி ஷெட்டில் விளக்குத் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். பல்பு மாட்ட, கம்பி சேர்க்க அங்கேதான் பழகினேன். யுத்தம் முடிந்தது, ஷெட்டை மூடினார்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணக்கராக வந்த பெருமாள் அண்ணாச்சிதான் முதலாளியிடம் பேசி இந்த வாட்ச்மேன் வேலையை வாங்கித் தந்தார்.

அவருக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்தெட்டு. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிலுவை சிரிப்பான். சிலுவை என்னோடு மூட்டை தூக்கினவன்.

எழுத்தும் அவர் கொடுத்ததுதான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அடுக்கிய மூட்டை அட்டியின் நிழலில் உட்கார்த்தி வைத்து, சாக்கின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டுவார். என் பெயர் ஒரு வாரத்தில் வந்தது. அவர் பெயருக்கு ஒரு மாதம் ஆனது. “எங்க அப்பா வச்ச பேரு ஒரு சாக்கு நீளம் இருக்கும், அண்ணே. இத எழுதிட்டீருன்னா கலெக்டர் ஆபீசுக்கே மனு எழுதிரலாம்” என்பார்.

ஒரு நாள் கொழும்புக்குப் போகிற மூட்டையின் மேலிருந்த குறியை எல்லார் முன்னிலும் என்னைப் படிக்கச் சொன்னார். நான் தப்பாகப் படித்தேன். சிலுவை தரையில் விழுந்து சிரித்தான். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏலே சிலுவ, பல்லக் காட்டாத. அவரு எழுதுத எழுத்து ஒன் கைநாட்ட விட அழகா இருக்கு, தெரியுமா?” என்றார். பிறகு என் தோளில் கை போட்டு, “நீரு படியும் அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல” என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை வெகு நேரம் தோளில் இருந்தது.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவர் நல்லவர் என்று எழுதத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் சித்திரையில் கம்பெனிக்கு பம்பாயிலிருந்து ஸ்கூட்டர் வந்தது. இத்தாலியில் செய்த வண்டி. அது வரை ஊரில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. சின்னச் சக்கரம், முன் மட்கார்டு மேலே தவளைக் கண் மாதிரி ஒரு விளக்கு. உப்பு அம்பாரம் அளக்க உப்பளத்துக்குப் போய்வர அதை அண்ணாச்சிக்குக் கொடுத்தார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது.

ஆனியில் முதல் பல்பு போயிற்று. இந்த ஊரில் அந்த பல்பு கிடையாது. அண்ணாச்சி கப்பல் வேலையாகக் கொழும்பு போயிருந்தார். அவர் வந்து இறங்கும்போது வண்டி தயாராக இருக்கட்டும் என்று, மதுரைக்குப் போகிற லாரிக்காரனிடம் என் கைக்காசைக் கொடுத்து ஒன்று வாங்கிவரச் சொன்னேன். இரண்டு ரூபாய் ஆறணா. எனக்கு அது இரண்டு நாளைக்கு மேலான சம்பளம். அவர் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

“அண்ணே, காசு எவ்வளவு ஆச்சு?”

சொன்னேன்.

“வெள்ளிக்கிழம வாங்கிக்கிடும். நான் மறந்தாலும் நீரு ஞாபகப்படுத்தும், என்ன?”

“அதுக்கென்ன அண்ணாச்சி” என்றேன்.

வெள்ளிக்கிழமை மறந்துவிட்டார். அடுத்த வாரம் வண்டியில் ஏறும்போது அவராகவே நெற்றியில் அடித்துக்கொண்டு, “அடடா, உமக்கு பல்பு காசு தரணும்லா!” என்றார். சட்டைப் பையைத் தடவினார். இல்லை. “நாளைக்கு.” இப்படி இரண்டு மாதம் போயிற்று. நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்கிறவனாக ஆகிவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

“ஏலே பாதம், நீ ரெண்டு ரூவா ஆறணாவுக்குத் தூண்டி போட்டுக்கிட்டே கெட. மீனு ஸ்கூட்டர்ல போவுது” என்று சிலுவை சொல்வான்.

அவன் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. ராத்திரி கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து நான் அந்தத் தொகையை நினைத்துக்கொள்வேன். வேலை அவர் தந்தது. எழுத்து அவர் தந்தது. என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து அவர் தந்தது. அவர் தராதது அந்த இரண்டு ரூபாய் ஆறணா ஒன்றுதான். அதை நினைத்தால் எனக்கு முதுகு கொஞ்சம் நிமிரும்.

ஆவணியில் அந்த பல்பும் போயிற்று. இந்தத் தடவை அண்ணாச்சியே மதுரையிலிருந்து வரவழைத்து, அட்டைப்பெட்டியோடு என்னிடம் கொடுத்தார். “அமாவாச அன்னைக்கு வண்டிய ஒம்மகிட்ட விட்டுட்டுப் போறேன். மாட்டி வையும்” என்றார். அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

இனி பல்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வண்டிக்கு பாட்டரி கிடையாது. எஞ்சின் சுற்றுகிற சுற்றில்தான் விளக்கு எரியும். மெதுவாகப் போனால் மங்கும், வேகமாகப் போனால் கூடும். வேகம் மிஞ்சினால் பல்பு தாங்காமல் போய்விடும். அது ஆறு வோல்ட் பல்பு. என் டப்பாவில் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த லாரி பல்புகள் கிடந்தன. அவை பன்னிரண்டு வோல்ட். லாரி பல்பை ஸ்கூட்டரில் மாட்டினால் அது போகவே போகாது. இது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றியது. அடிக்கடி பல்பு வாங்குகிற செலவு மிச்சம். லாரி பல்பின் அடிப்பாகம் கொஞ்சம் பருமன். அரம் வைத்துத் தேய்த்தேன். பித்தளை மெல்லியது, பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். மூன்று ராத்திரி ஆனது.

அது போகாமல் இருப்பதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். அந்த எஞ்சின் கொடுக்கிற சக்தி அதற்குப் பாதிதான். சாதாரண வேகத்தில் அது சுருட்டு நுனி மாதிரி சிவப்பாக எரியும். நன்றாக முறுக்கினால்தான் மஞ்சளாகும்.

இரண்டாவது, அமாவாசையைப் பற்றி. கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து உப்பளத்துக்கு வரப்புச் சாலை போகிறது, மூன்று மைல். நடுவில் கடல்தண்ணீர் வருகிற ஓடை. அதன் மேல் பலகைப் பாலம். அமாவாசைக்குக் கடல் ஏறும்போது தண்ணீர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் உப்பளத்து ஆட்கள் அன்று சாயங்காலம் பலகைகளைக் கழற்றி வரப்பில் அடுக்கிவிட்டு, சுண்ணாம்பு பூசிய பனந்தடி ஒன்றைப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெய் ரேஷன் வந்ததிலிருந்து அரிக்கேன் விளக்கு வைப்பதில்லை. தடி போதும். நல்ல வெளிச்சம் பட்டால் நூறடிக்கு முன்னாலேயே பல் மாதிரி தெரியும். அண்ணாச்சிக்கும் இந்த வழக்கம் தெரியும்.

அமாவாசை அன்று நாலு மணிக்கு வண்டியை விட்டுவிட்டு ஆபீசுக்குள் போனார். ஐந்து மணிக்குள் நான் மாட்டிவிட்டேன். பழைய ஃபியூஸ் பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி கொடுத்த புது பல்பும் அட்டைப்பெட்டியோடு என்னிடமே இருந்தது.

அன்று ராத்திரி அவர் உப்பளத்துக்குப் போவார் என்று எனக்குத் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். என்றைக்காவது ஒரு அமாவாசை ராத்திரி போவார் என்றுதான் தெரியும்.

ஏழு மணிக்கு உப்பளத்திலிருந்து தாணுலிங்கம் ஓடி வந்தான். அவன் மனைவி சீனித்தாய்க்கு மத்தியானத்திலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணாச்சி, எப்படியாச்சும் நர்சம்மாவக் கொண்டாந்துருங்க. அவ தாங்க மாட்டா.”

“அழாதல. பிளாரன்சக்கா வீடு இந்தா பின்தெருதான. கூட்டிட்டு வந்துருதேன்.”

“தடிகிட்ட வண்டிய நிறுத்திருங்க அண்ணாச்சி. பலக எடுத்தாச்சு. தண்ணி இடுப்பளவுதான். நான் குறுக்கால ஓடி ஆளக் கூட்டியாந்து நிக்கேன். அக்காவத் தூக்கி அக்கர சேத்துருவோம்.”

அவன் உப்புப் பாத்தி வழியாக ஓடினான். அண்ணாச்சி பின்தெருவுக்கு ஓடினார். நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். திரும்பி வர அவருக்குக் கால் மணி நேரமாவது ஆனது. ஒரு பல்பை மாற்ற எனக்கு ஐந்து நிமிஷம் போதும்.

பிளாரன்ஸ் அம்மாவை நீங்கள் உயிரோடு பார்த்திருக்க மாட்டீர்கள். கனத்த உடம்பு. எங்கள் கோயில் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. என் மகளும் அப்படித்தான். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏ பெருமாளு, இந்தத் தவள மேலயா என்னிய ஏத்தப் போற? இது என்னத் தாங்குமா?”

“ரெண்டு கப்பல் சரக்கு தாங்கும்க்கா. ஏறுங்க.”

“கீழ போட்டேன்னு வையி, ஒன் பொஞ்சாதிக்குப் பிரசவம் பாக்க வரமாட்டேன், ஆமா.”

சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் உட்கார்ந்தார். அவருடைய தோல்பை நழுவியது. நான் அதை வாங்கி அவர் மடியோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினேன். “நல்லாயிரு பாதம்” என்றார்.

அண்ணாச்சி வண்டியை உதைத்தார். விளக்கு சிவப்பாக எரிந்தது. குனிந்து பார்த்தார்.

“என்ன அண்ணே, மங்கலா இருக்கு?”

“புது பல்புலா அண்ணாச்சி. பாட்டரி இல்லாத வண்டி. ஓட ஓட வெளிச்சம் கூடும். மங்குச்சின்னா இன்னும் கொஞ்சம் முறுக்குங்க.”

ஐயா, இதில் வண்டியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. ஓட ஓட வெளிச்சம் கூடத்தான் செய்யும். தடியைத் தேடுகிறவன் வேகத்தைக் குறைப்பான். குறைத்தால் ஒன்றும் தெரியாது. பார்ப்பதற்காக முறுக்குவான்.

உப்பளம் தட்டை. கிட்டங்கி வாசலிலிருந்து பார்த்தால் வெகு தூரம் தெரியும். வண்டிக்கு முன்னால் வரப்பில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பாகப் போயிற்று, ஒரு இடத்தில் அணைந்த மாதிரி மங்கியது, பிறகு மஞ்சளாயிற்று. கடைசியில் நன்றாக வெள்ளையாக எரிந்தது. அந்த பல்பு அப்படி எரியும் என்று நானே நினைக்கவில்லை. பிறகு இல்லை.

நான் உள்ளே வந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோறும் சாளைக் குழம்பும். மூடி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சாளைக் குழம்பு எனக்கு இறங்குவதில்லை.

தாணுலிங்கம் ஆட்களோடு ஓடைக்கு வரும் முன்பே எல்லாம் முடிந்திருந்ததாம்; அரை மணி கழித்துக் கிட்டங்கிக்கு ஆள் வந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அண்ணாச்சியின் தலை ஓடை மதகுக் கல்லில் பட்டிருந்தது. பிளாரன்ஸ் அம்மாவுக்கு அடி ஒன்றும் பலமில்லை. சேலை சக்கரத்தில் சிக்கி, வண்டி அவர் மேல் கிடந்தது. தாணுலிங்கம் சொன்னபடி தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. தோல்பையின் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. விடிவதற்குள் சீனித்தாயும் போய்விட்டாள். பிள்ளையை வெளியே எடுக்கவில்லை. நான் ஒரு ஆளைத்தான் நினைத்திருந்தேன்.

வண்டியைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். போலீஸ் வரும் வரை யாராவது காவல் இருக்க வேண்டும் என்றார்கள். காவல் என் வேலை. எல்லாரும் போன பிறகு லாரி பல்பைக் கழற்றி, பையிலிருந்த ஃபியூஸ் பல்பை மாட்டினேன். லாரி பல்பு உடையவில்லை. இப்போதும் எரியும்.

காலையில் நீங்கள் வந்து விளக்கைத் திறந்தீர்கள். பல்பை எடுத்துக் காதருகே ஆட்டினீர்கள். உள்ளே அறுந்த கம்பி கிலுகிலுத்தது. “லைட் இல்லாமல் அதிவேகம்” என்று எழுதினீர்கள். அதை நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு என் கண்ணுக்கு ஓய்வே இல்லை, எதைப் பார்த்தாலும் படித்துவிடுகிறது.

அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அவர் தப்பு என்று கம்பெனி சல்லிக்காசு கொடுக்கவில்லை. மூன்று உயிரைக் கொன்றவன் வீடு என்று தாணுலிங்கத்தின் சொந்தக்காரர்கள் அண்ணாச்சி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். விளக்கைப் போடாமல் இருட்டில் ஒரு பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனானாம் என்று கடல்பாலத்தில் வேறு மாதிரியும் பேசினார்கள். சிலுவை ஒருவன்தான் அப்படிப் பேசினவனை அறைந்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

வீட்டில் நான் விளக்கு ஏற்ற விடுவதில்லை. என் மனைவி இருட்டிலேயே சோறு போடுகிறாள். ஏனென்று கேட்டாள், மண்ணெண்ணெய் மிச்சம் என்றேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்தான். அவரிடம் சொன்னால் அவரோடு நின்றுவிடும். அண்ணாச்சி பெயர் அப்படியேதான் கிடக்கும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியின் மனைவி செண்பகம் கிட்டங்கிக்கு வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். வெயிலில் நடந்து வந்திருந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“பாதம் அண்ணன் நீங்கதானா?”

“ஆமம்மா.”

“போலீசு வண்டிய கம்பெனிக்குக் குடுத்தாங்க. சீட்டுக்குக் கீழ டூல் பெட்டியில இது இருந்துச்சாம். ஒங்க பேரு எழுதியிருக்கு. அவுகளுக்குக் கடன்னா ஒறக்கம் வராது. ஆனா ஞாபகமும் இருக்காது. ரெண்டையும் வச்சிக்கிட்டுப் பாடாப் படுவாக.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “வாங்கிக்கிடுங்கண்ணே. அவுக பேருல இதாவது ஒண்ணு சரியா முடியட்டும்.”

நோட்டு ஒன்று, வெள்ளிச் சில்லறை கொஞ்சம். அவள் எதிரிலேயே எண்ணினேன். எண்ணாமல் வாங்கினால் அவளுக்குக் குறையாக இருக்கும். இரண்டு ரூபாய் ஆறணா சரியாக இருந்தது.

“ஒரு ரசீது எழுதித் தாங்கண்ணே. நீங்க எழுதுவீங்கன்னு அவுக பெருமையாச் சொல்லுவாக.”

எழுதிக் கொடுத்தேன். சிவனணைந்தபெருமாள் என்று முழுப் பெயரும் எழுதினேன். பல்பு வகையில் முழுத் தொகையும் பற்றிக்கொண்டேன், பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

இதோடு அந்தக் காசையும் லாரி பல்பையும் அட்டைப்பெட்டியிலிருக்கிற புது பல்பையும் அனுப்பியிருக்கிறேன். காசு செண்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பொட்டலம் கட்டியிருந்த காகிதத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். ‘ஜேசுபாதம் அண்ணனுக்கு. பல்பு காசு. இன்று கட்டாயம்’ என்று எழுதியிருக்கிறது. எழுத்து பெரிது பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், சாக்கின் மேல் எனக்கு எழுதிக் காட்டுவாரே, அதே மாதிரி. படிக்கப் போகிறவன் நான் என்பதால் அப்படி எழுதியிருக்கிறார்.

காசைத் தராமல் இழுத்தடித்தார், அந்த ஆத்திரத்தில் செய்தேன் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். நீங்களும் அப்படியே பதிந்துகொண்டால் எனக்குச் சுலபம். ஆனால் செண்பகம் கொண்டுவந்த பொட்டலத்தை நான் அன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கவில்லை. அமாவாசை அன்று நாலரை மணிக்கு, விளக்கைக் கழற்றத் திருப்புளி எடுக்க சீட்டைத் தூக்கி அந்தப் பெட்டியைத் திறந்தேன். பொட்டலம் மேலாகவே இருந்தது. படித்தேன். ஒரு எழுத்திலும் தடுக்கவில்லை. அதுவரை வலது பையில் அவர் கொடுத்த பல்பும் இடது பையில் லாரி பல்பும் இருந்தன. எதை எடுப்பேன் என்று எனக்கே தெரியாது. கடன் தீர்ந்துவிட்டது, இனி அவர் எனக்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இடது பையில் கையை விட்டேன்.